வகுப்பில் நடப்பது வீட்டுக்குத் தெரிய என்ன செய்கிறீர்கள்? (தொடக்கப் பள்ளி: செயல்திட்டம், வீட்டு வாசிப்பு)

காவிரிக்கரை டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை. ஈராசிரியர் பள்ளி என்பதால் ஒன்று முதல் மூன்று வரை என்னிடம், நாலும் ஐந்தும் ஹெச்.எம்.மிடம்.

2022 ஜூனில், சின்ன வகுப்புப் பிள்ளைகள் எழுத்தும் கணக்கும் பழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு எங்கள் வகுப்பறையின் முகமே மாறிவிட்டது. பாட்டு, கதை, அட்டை, பொம்மை, குழுவாக உட்கார்ந்து செய்கிற வேலை. பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வீட்டில் இருப்பவர்கள் பார்ப்பது நோட்டை மட்டும்தான். "நோட்டுல ஒண்ணுமே எழுதலையே டீச்சர், பள்ளிக்கூடத்துல விளையாட்டுதானா?" என்று வாசலிலேயே கேட்கிறார்கள். பிள்ளைகள் கற்றிருக்கும் அளவை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தன் பையன் 'மொட்டு' என்று கேள்விப்பட்ட ஓர் அம்மா, அவனை ஃபெயில் ஆக்கிவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டு வந்து நின்றார்.

வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. படம் போட்டால் கைகூப்பும் பொம்மை நாலைந்து வரும், அதோடு சரி. பிள்ளை என்ன கற்றது என்று யாருக்கும் போய்ச் சேரவில்லை.

எனக்கு வேண்டியது இரண்டு. வகுப்பில் ஒரு செயல்திட்டம் ஓடும்போது அது எதற்கு என்று வீட்டுக்குப் புரிய வேண்டும். வீட்டில் தினமும் பத்து நிமிடம் பிள்ளை சத்தமாக வாசிக்க வேண்டும். பெற்றோரில் பாதிப்பேர் விடியலிலேயே நடவுக்கோ களைக்கோ போய்விடுவார்கள். சிலருக்கு எழுத்தே தெரியாது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

ரெட்டைச்சடை அம்மா

எங்கள் கதை தலைகீழ். நகரத்தில் தனியார் பள்ளி, அதற்கென்று ஒரு செயலி. தகவலுக்குப் பஞ்சமே இல்லை: ஃபீஸ், பஸ், நீல நிற உடை நாள், ஃபீஸ், மறுபடி ஃபீஸ். முக்கியமானது மட்டும் இரவு எட்டரைக்கு வரும். "நாளை சூரியக் குடும்ப மாடல் கொண்டுவரவும்."

எட்டரை மணிக்கு எந்த அம்மா தெர்மோகோல் உருண்டை வாங்குவது? ஆனால் பள்ளிக்கு எதிரே இருக்கும் ஸ்டேஷனரி கடைக்காரர் ரெடிமேடாகவே வைத்திருப்பார். எரிமலை இவ்வளவு, சூரியக் குடும்பம் இவ்வளவு என்று விலைப்பட்டியலும் உண்டு. பாடத்திட்டம் எங்களைவிட அவருக்குத்தான் அத்துப்படி. மறுநாள் வகுப்பில் முதல் பரிசு எந்த அப்பா எஞ்சினியரோ அவருக்குப் போகும். என் பெண்ணுக்குச் சனிக்கோள் எது என்று இன்றுவரை தெரியாது, வளையத்தை ஒட்டியது நான்தான்.

அதனால் டீச்சர், தயவுசெய்து முன்கூட்டியே சொல்லுங்கள். கடைக்குப் போக வைக்காதீர்கள்.

வாய்தா வாங்கி

சட்டப் பக்கம் கொஞ்சம்.

பெற்றோருக்குச் சொல்வது டீச்சர் காட்டுகிற சலுகை இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவே ஆசிரியரின் கடமையாகச் சொல்கிறது: பெற்றோரை முறையாகக் கூட்டி வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். 29ஆவது பிரிவு, செயல்பாடு வழியாகவும் தானே தேடிக் கண்டுபிடிப்பதன் வழியாகவும் பிள்ளை கற்க வேண்டும் என்கிறது. 'விளையாட்டுதானா' என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.

இன்னொன்று. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அந்த இரண்டு வகுப்புகளுக்கும் புத்தகப் பை ஒன்றரை கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பதும் அதில்தான் வந்தது. நீங்கள் கேட்கும் பத்து நிமிட வாசிப்பு எந்தக் கணக்கில் வரும்?

காவிரிக்கரை டீச்சர்

> எந்தக் கணக்கில் வரும்?

எழுதச் சொல்லவில்லை, திருத்த மாட்டேன், செய்யாவிட்டால் கேட்கவும் மாட்டேன் சார். கதைப் புத்தகம் வீட்டுக்குப் போகிறது, அவ்வளவுதான். மதிப்பெண் ஒட்டிக்கொண்டால் மட்டும்தான் அது வீட்டுப்பாடம் ஆகும் என்று நினைக்கிறேன்.

வாய்தா வாங்கி

அப்படியானால் ஆட்சேபணை இல்லை. :)

சாக்பீஸ் தாத்தா

தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சரம்மா, பெற்றோரை நீங்கள் கூப்பிடும் இடத்துக்கு வரவழைக்கப் பார்க்கிறீர்கள். அவர்கள் ஏற்கெனவே கூடுகிற இடம் எது என்று பாருங்கள். எங்கள் ஊரில் காலை பால் சொசைட்டி, மாதத்தில் சில நாள் ரேஷன் கடை, நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரை. பள்ளிச் சுவரில் சாலையைப் பார்த்த மாதிரி ஒரு கரும்பலகை அடிக்க வைத்தேன். திங்கட்கிழமை மூன்றே வரி. இப்படி இருக்கும்:

"இந்த வாரம் மூன்றாம் வகுப்பு: நம் ஊர் மரங்கள். வீட்டில் கேட்டு வரச் சொல்லியிருக்கிறோம்: உங்கள் வாசலில் நிற்கும் மரம் என்ன, யார் வைத்தது?"

இதில் சூட்சுமம் கடைசி வரிதான். வகுப்பில் நடப்பதை அறிவிப்பாகப் போட்டால் போகிற போக்கில் பார்த்துவிட்டுப் போவார்கள். கேள்வியாகப் போட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆகிவிடுகிறார்கள். எழுத்து தெரியாதவருக்குப் பக்கத்தில் நிற்பவர் படித்துச் சொல்வார். சாயங்காலம் பிள்ளை கேட்டதும் அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும்.

செயல்திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதே இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆண்டை மூன்றாகப் பிரிக்கும் முப்பருவ முறை 2012–13இல் வந்தபோது நூற்றுக்கு நாற்பது வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவத்துக்குள் பிள்ளை செய்யும் வேலைக்கு என்று ஆனது. உடனே ஊரெல்லாம் சார்ட் பேப்பர் வியாபாரம் சூடு பிடித்தது. பிள்ளைகள் படத்தை வெட்டி ஒட்டினார்கள், ஆசிரியர் சுவரில் தொங்கவிட்டார், ஆய்வுக்கு வந்தவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதில் பிள்ளை எங்கே இருக்கிறது? நான் நெல் ரகம் கேட்டு வரச் சொன்னேன். உழக்கு, படி, மரக்கால் எது எந்த வீட்டில் இன்னும் கிடக்கிறது என்று பார்த்து வரச் சொன்னேன். மாட்டுக்கு என்ன நோய்க்கு என்ன பச்சிலை அரைப்பார்கள் என்று கேட்டு எழுதி வந்தார்கள். இதெல்லாம் அப்பா அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த பாடம். பள்ளிக்கூடம் என்றாலே ஒதுங்கி நிற்கும் ஒருவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வகுப்புக்குள் வந்து, நாற்றங்காலுக்கு ஏன் சேறு மசிய உழ வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். அதன் பிறகு அவரிடம் 'பாடம் நடக்குதா' என்ற கேள்வியே வரவில்லை.

கூட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் என்று விதியே இருக்கிறது. ஆனால் கூட்டத்தில் பேசுவது கழிவறை, சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி. தேவைதான், மறுக்கவில்லை. கடைசி இருபது நிமிடத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் அம்மாவிடமோ பாட்டியிடமோ மட்டும் போய், தான் செய்ததைக் காட்டி விளக்கட்டும். மேடை, மைக், கைத்தட்டல் எதுவும் வேண்டாம். எல்லார் முன்னாலும் 'உங்க பையன் இன்னும் அரும்புதான்' என்று சொன்னால் அந்த அம்மா அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்.

தென்னந்தோப்பு

நான் அப்பா. கயிறு மில்லில் ஷிஃப்ட் வேலை, எட்டாவது வரை படித்தேன். என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் என் நம்பர்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளையோடு சாயங்காலம் இருப்பது வீட்டுக்காரம்மா. அவருக்குப் பட்டன் போன். மெசேஜ் வரும்போது நான் மில்லில், வீட்டுக்குப் போகும்போது பிள்ளை தூக்கத்தில். குரூப்பில் எத்தனை படம் வந்தாலும் வீட்டுக்கு வந்து சேருவதில்லை. எங்கள் தெருவில் பாதி வீடு இப்படித்தான்.

எழுத்தாக அனுப்புவதைவிட டீச்சர் குரலில் பேசி அனுப்பினால் நான் இடைவேளையில் கேட்டுவிட்டு அம்மாவுக்கு போன் போட்டுச் சொல்லிவிடுவேன். சில டீச்சர்கள் செந்தமிழில் அறிக்கை மாதிரி எழுதுகிறார்கள், 'கற்றல் விளைவு' என்று. வாசித்துவிட்டு நான் என்ன செய்ய?

ஒரு சந்தேகமும் இருக்கிறது. என் மனைவிக்கு வாசிக்கத் தெரியாது. பெண் வாசிக்கும்போது காய் நறுக்கிக்கொண்டே கேட்பார். பெண் ஒரு இடத்தில் திக்கி நின்றுவிட்டால் இவர் என்ன செய்வது? சரியா தப்பா என்றே இவருக்குத் தெரியாதே?

காவிரிக்கரை டீச்சர்

இந்தக் கேள்விக்காகவே இழையைத் தொடங்கியது பயனாகிவிட்டது, அண்ணா.

அக்கா எதையும் திருத்த வேண்டியதில்லை. பிள்ளை நின்றால் கொஞ்சம் பொறுக்கட்டும். பிறகு "படத்துல என்ன இருக்கு?" என்று கேட்கலாம், "முதல்ல இருந்து அந்த வரியப் படி" என்று சொல்லலாம். அப்படியும் வரவில்லையா, அந்த வார்த்தைக்கு அடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போகச் சொல்லட்டும். காலையில் புத்தகத்தைத் திறந்தால் புள்ளிகள் எனக்கு எல்லாம் சொல்லிவிடும். பெரும்பாலும் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வரும் இடத்தில்தான் புள்ளி இருக்கும். 'கெ', 'கே', 'கொ', 'கோ' குழப்பம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாசித்து முடித்ததும் அக்கா கேட்க வேண்டியது ஒன்றுதான்: "என்ன கதை, சொல்லு." பிள்ளை வீட்டுப் பேச்சிலேயே சொல்லட்டும். புத்தகத்தில் 'சென்றாள்' என்று இருக்கும், பிள்ளை 'போனா' என்று சொல்லும். அது தவறில்லை, புரிந்துகொண்டதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. கதையைச் சொல்ல முடியாமல் மனப்பாடமாக ஒப்பித்தால்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

சிவப்பு மை

ஆசிரியர்தான் நானும். எல்லாரும் இனிக்க இனிக்க எழுதுகிறீர்கள், யாராவது கசப்பையும் சொல்ல வேண்டும்.

எமிஸ் என்கிற அரசு இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவு, காலை உணவுக் கணக்கு, பயிற்சி, செயலியில் மதிப்பீடு. இதற்கு மேல் கரும்பலகை, குரல் பதிவு, புள்ளி பார்ப்பது. ஒரு மெசேஜ்தானே என்று தொடங்கும். அப்புறம் இரவு பத்து மணிக்கு 'டீச்சர், பையன் டிபன் பாக்ஸ் காணோம்' என்று வரும். பதில் போடாவிட்டால் 'பார்த்துட்டு பதில் சொல்லல' என்று ஹெச்.எம். வரை போகும். தகவல் தொடர்பு இருவழி என்பார்கள். எங்களுக்கு அது இருபத்து நாலு மணி நேர வழி.

படம் போடுவதும் எனக்குச் சம்மதமில்லை. முப்பது பிள்ளைகளின் முகம் யார் யார் போனிலோ போய் உட்காருகிறது.

வாய்தா வாங்கி

படம் விஷயத்தில் சிவப்பு மை சொல்வதுதான் சரி. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகளின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டத்தை விட்டுவிட்டு யோசித்தாலும், செய்த பொருளையும் கையையும் மட்டும் படம் எடுத்தால் போதுமே. பெற்றோர் பார்க்க வேண்டியது வேலையைத்தானே.

சாக்பீஸ் தாத்தா

சிவப்பு மையின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெற்றோருக்குச் சொல்வதைக் குறைப்பது இதற்குத் தீர்வு இல்லை. குரூப்பில் அட்மின் மட்டும் அனுப்புகிற மாதிரி மாற்றிவிடுங்கள், குட் மார்னிங் ரோஜாப்பூவும் நின்றுவிடும். திங்கள் ஒன்று, வெள்ளி ஒன்று, அதற்கு மேல் கிடையாது. தனிப்பட்ட பேச்சு பள்ளி விட்ட பிறகு அரை மணி நேரம், நேரில். முதல் கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிட்டால் ஏற்றுக்கொள்வார்கள். நாம் சொல்லாததால்தான் பத்து மணிக்குக் கூப்பிடுகிறார்கள்.

ரெட்டைச்சடை அம்மா

சிவப்பு மை, நானும் ஒன்பது மணிக்கு மெசேஜ் போடும் ரகம்தான். :) ஆனால் ஏன் போடுகிறோம் தெரியுமா? பகலில் பள்ளியிலிருந்து எங்களுக்கு எதுவுமே தெரியாது. பிள்ளையைக் கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்கிறது. அந்த ஒண்ணுமில்லைக்குள் என்ன இருக்கிறது என்று வாரம் ஒருமுறை யாராவது சொன்னால் நான் ஏன் கேட்கப் போகிறேன்?

வாசிப்பு டைரி என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள், தினமும் எத்தனை பக்கம், பெற்றோர் கையொப்பம். ஞாயிறு இரவு ஏழு நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடாத வீடு எங்கள் அபார்ட்மெண்டில் இல்லை.

சாக்பீஸ் தாத்தா

கையொப்பம் வேண்டவே வேண்டாம். கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாவைப் பிள்ளை முன்னால் கூச வைப்பதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை.

நூலகப் பூனை

பொது நூலகத்தில் வேலை. எல்லாரும் வாசிக்க வையுங்கள் என்கிறீர்கள், எதை வாசிப்பது என்று யாரும் பேசவில்லையே!

பாடப்புத்தகத்தை வீட்டில் சத்தமாக வாசிக்கச் சொன்னால் மூன்றாம் நாளே சலித்துவிடும். பள்ளிகளில் புத்தகம் இல்லாமல் இல்லை. 2023இல் வாசிப்பு இயக்கம் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று நாலு நிலையில் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்தன. நாலு, ஐந்தாம் வகுப்புக்கு ஊஞ்சல் என்ற சிறுவர் இதழ் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று கேட்டால் பீரோவுக்குள். கிழிந்தால் கணக்குக் கேட்பார்களோ என்ற பயம். கிழியாத புத்தகம் வாசிக்காத புத்தகம் என்று நான் வாதாடிப் பார்த்துவிட்டேன், ஆய்வு என்றதும் எல்லாரும் பூட்டிவிடுகிறார்கள்.

பிள்ளை கையில் கொடுக்கும்போது, ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். வரிக்கு வரி திக்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், அதை யாராவது வாசித்துக் காட்டட்டும். ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் நின்றால் சரியான புத்தகம். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். அந்த வயதில் அதுதான் பயிற்சி.

ஸ்மார்ட்போன் இருக்கும் வீடுகளுக்குப் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கும், அச்சிட்டும் கொடுக்கலாம். போனைப் பிள்ளை கையில் கொடுத்தால் கதை எந்த நேரத்தில் யூடியூப் ஆகும் என்பதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 1948 நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். ஆனால் ஊர்ப்புற நூலகத்துக்குப் பிள்ளையைக் கூட்டி வரும் பெற்றோரை விரல் விட்டு எண்ணிவிடலாம். வரி கட்டியதற்காவது வாருங்கள்.

தென்னந்தோப்பு

எங்கள் ஊர் நூலகம் நான் வேலைக்குப் போன பிறகு திறந்து, வருவதற்கு முன் மூடிவிடும். ஞாயிறு இருக்கிறதா?

நூலகப் பூனை

வார விடுமுறை ஊருக்கு ஊர் மாறும். கதவில் எழுதியிருப்பார்கள். வர முடியாவிட்டால் வகுப்புக்கு மொத்தமாகப் புத்தகம் தர முடியுமா என்று டீச்சரை நூலகரிடம் கேட்கச் சொல்லுங்கள். கேட்டால்தான் தெரியும்.

காவிரிக்கரை டீச்சர்

எல்லாவற்றையும் படித்து முடிவுக்கு வந்துவிட்டேன். பலகை அடிக்க ஹெச்.எம். ஒத்துக்கொண்டார். தெருவிலேயே பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் இருந்த தன்னார்வலர் ஒருவர் தெருவிலேயே இருக்கிறார், பட்டன் போன் வீடுகளுக்கு அவர் வாயால் சொல்லிவிடுவார். பீரோ சாவி இனி என்னிடம்.

திங்கட்கிழமை அனுப்பப் போகும் முதல் குரல் பதிவு இது, பேசுகிற மாதிரியே எழுதிப் பார்த்தேன். குறை சொல்லுங்கள்:

"அன்பார்ந்த பெற்றோர்களே, வணக்கம். இந்த வாரம் விதை எப்படி முளைக்கிறது என்று பார்க்கப் போகிறோம். நாளைக்கு உங்கள் பிள்ளை ஒரு கைப்பிடி பச்சைப்பயறு கேட்கும். அடுப்படியில் இருப்பதையே கொடுங்கள், கடைக்குப் போக வேண்டாம். ஈரத்துணியில் கட்டித் தினமும் பார்த்து, பிள்ளையே படம் வரையும். நீங்கள் வரையாதீர்கள். வீட்டில் நாற்று விடுவது பற்றி உங்களிடம் கேட்கும், தெரிந்ததைச் சொல்லுங்கள். பையில் ஒரு கதைப் புத்தகம் இருக்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிஷம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். திக்கினால் புள்ளி. கிழிந்தாலும் பரவாயில்லை, கொண்டு வந்தால் போதும்."

தென்னந்தோப்பு

நல்லா இருக்கு டீச்சர். 'அன்பார்ந்த பெற்றோர்களே' என்று தொடங்கினால் கட்சிக் கூட்டம் என்று நினைத்து நிறுத்திவிடுவோம். 'மூணாவது டீச்சர் பேசறேன்' என்று எடுத்தவுடன் சொல்லுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் என்றால் எங்கள் வீட்டில் சரிவரும், ஆனால் நடவு நேரத்தில் அலுப்பாக இருக்கும். 'முடிஞ்ச நேரத்துல' என்று விட்டுவிடுங்கள்.

சிவப்பு மை

திங்கள், வெள்ளி மட்டும் என்றால் நானும் ஒரு பருவம் முயற்சி செய்கிறேன். குரூப்பை அட்மின் மட்டும் என்று மாற்றிவிட்டேன். அதற்குள் இரண்டு பேர் தனியாக மெசேஜ் போட்டு ஏன் என்று கேட்டுவிட்டார்கள்.

சாக்பீஸ் தாத்தா

பச்சைப்பயறு சரியான தேர்வு. முதல் நாள் இரவு ஊறப்போட்டால் ஓரிரு நாளில் முளை தெரியும். கொத்தமல்லி விதை கொண்டுவருகிறேன் என்று ஏதாவது பிள்ளை நிற்கும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது முளைக்க ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும், அதற்குள் துணி நாறிவிடும். பயற்றுத் துணியையும் காலை, மாலை தண்ணீரில் அலசிக் கட்டச் சொல்லுங்கள். அந்த வேலையை வீட்டில் பாட்டிமார் பார்த்துக்கொள்வார்கள், குரல் பதிவில் அவர்களையும் ஒரு வார்த்தை கூப்பிட்டுவிடுங்கள்.